சமூக ஊடகங்களில் புகாரும் அறிவிப்பும்: ஒரு விளக்க நோக்கு

முன்னுரை

மனிதர் கூடிவாழும் இடங்களிலெல்லாம் முறையீடு உண்டு. அம்முறையீட்டைக் கேட்டு முடிவு கூறும் அமைப்பும் உண்டு. ஊர்மன்றம், பஞ்சாயத்து, நீதிமன்றம் எனக் காலந்தோறும் அவ்வமைப்பு வடிவம் மாறி வந்துள்ளது. இன்று நம்முடைய உரையாடலின் பெரும்பகுதி முகநூல், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டாக், எக்ஸ் முதலிய சமூக ஊடகத் தளங்களில் நிகழ்கின்றது. எனவே, அங்கு எழும் முறையீடுகளைக் கேட்டு முடிவு கூறும் பொறுப்பும் அத்தளங்களை நடத்தும் நிறுவனங்களின் கைக்குச் சென்றுள்ளது. ஒரு பதிவு தவறானது எனக் கருதும் எவரும், அதன் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுச் சில நொடிகளில் புகார் அளித்துவிடலாம். அதன் விளைவாகப் பதிவு நீக்கப்படலாம். பிறர் கண்ணில் படாதவாறு மறைக்கப்படலாம். எவ்வித மாற்றமுமின்றி அப்படியே இருக்கவும் கூடும்.

எம்முடிவாயினும் அது புகார் அளித்தவருக்கும் பதிவிட்டவருக்கும் எவ்வாறு தெரிவிக்கப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். இது மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சிறிய தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், காரணம் கூறாத தண்டனையையும் விடை கிடைக்காத முறையீட்டையும் ஒரு சமுதாயம் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ளும் என்ற வினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வகையில் அறிவிப்பு நடைமுறை, அதன் வளர்ச்சி, அதனை நெறிப்படுத்தும் சட்டங்கள், அதில் எஞ்சியுள்ள குறைகள் ஆகியவற்றை வரிசையாகக் காண்போம்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மாணவர்கள் தாங்கள் அரங்கேற்றிய வரலாற்று நாடகம் ஒன்றின் காணொளியைச் சமூக ஊடகத் தளம் ஒன்றில் ஏற்றினர். மூன்றாம் நாள் அக்காணொளி நீக்கப்பட்டது. அவர்களுக்கு வந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் அமைந்த ஒரே வரி. காணொளி தளத்தின் நெறிகளுக்கு முரணானது என்பதே அதன் சாரம். எந்த நெறி, எந்தக் காட்சி, யார் முடிவு செய்தார் என்பன எவையும் அதில் இல்லை. பின்னணியில் ஒலித்த இசையின் பதிப்புரிமை காரணமாக இருக்கலாம் என்றார் ஒருவர். வாட்போர்க் காட்சியை வன்முறை எனக் கணினி தவறாகக் கொண்டிருக்கலாம் என்றார் மற்றொருவர். குழுவிலிருந்து அண்மையில் விலகிய நண்பர் ஒருவரே பொறாமையால் புகார் அளித்திருப்பார் என்ற பேச்சும் எழுந்தது. பன்னிரண்டு நாள்களுக்குப் பின்னர்க் காணொளி மீண்டும் தோன்றியது. அதற்கும் காரணம் கூறப்படவில்லை. காணொளி திரும்பிவந்தது, முறிந்த நட்பு திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சி தனித்த ஒன்றன்று. காரணம் தெரியாத இடத்தில் பயனர்கள் தாமே காரணங்களைக் கற்பித்துக்கொள்வதை ஆய்வாளர் சேரா மையர்ஸ் வெஸ்ட் 2018இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கியுள்ளார். தளம் ஒரு பக்கம் சார்ந்தது, எதிரிகள் கூடிப் புகார் அளித்துவிட்டனர், அரசு தலையிட்டுவிட்டது எனப் பலவாறாக எழும் இத்தகைய விளக்கங்களை அவர் நாட்டார் கோட்பாடுகள் என்னும் பொருள்படக் குறிப்பிடுகின்றார். வழக்காற்றியல் பயில்வோர்க்கு இது வியப்பளிக்காது. அறியப்படாத ஆற்றல் ஒன்று தம் வாழ்வில் தலையிடும்போதெல்லாம் மக்கள் அதற்கு ஒரு கதையைப் படைத்துக்கொள்வர் என்பது நாம் அறிந்ததே.

புகாரின் பயணம்

அறிவிப்பைப் புரிந்துகொள்ளப் புகார் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பயனர் புகார்ப் பொத்தானை அழுத்தியதும், காரணங்களின் பட்டியல் ஒன்று அவர்முன் வைக்கப்படும். வெறுப்புப் பேச்சு, துன்புறுத்தல், ஆபாசம், மோசடி, தற்கொலை அல்லது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் போன்ற வகைகள் அதில் இடம்பெறும். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தபின் புகார் பெறப்பட்டதற்கான ஒப்புகை தோன்றும். அதன்பின் தானியங்கிக் கணினி அமைப்பு அதனை வகைப்படுத்தும். தெளிவான மீறல் எனக் கணினி கருதினால் அதுவே முடிவெடுக்கலாம். ஐயத்திற்குரியதாயின் மனித மதிப்பீட்டாளரிடம் அனுப்பலாம். ஒரே பதிவின்மீது பலர் புகார் அளிப்பதனால் மட்டும் அது நீக்கப்படுவதில்லை என்றே பெரிய தளங்கள் கூறிவருகின்றன. அளவுகோல் புகார்களின் எண்ணிக்கையன்று, தளத்தின் நெறிகளே என்பது அவற்றின் நிலைப்பாடாகும்.

கேட் கிராஃபோர்ட், டார்ல்டன் கில்லெஸ்பி ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இப்புகார்ப் பொத்தானின் இயல்பை ஆராய்ந்துள்ளனர். பயனரின் உள்ளத்தில் எழும் சினம், அச்சம், அருவருப்பு, நீதியுணர்வு ஆகிய யாவும் ஒரே அழுத்தலாகச் சுருங்கிவிடுகின்றன என்பது அவர்கள் சுட்டும் குறையாகும். கன்றை இழந்த பசு அடித்ததாகக் கூறப்படும் ஆராய்ச்சி மணியை இங்கு நினைவுகூரலாம். மணியோசை கேட்டதும் அரசன் வெளியே வந்தான் என்பதே அக்கதையின் உயிர்நிலை. மணி மட்டும் இருந்து அரசன் வாராதிருப்பின் அது வெறும் உலோகமே. புகார்ப் பொத்தானுக்கும் இது பொருந்தும். அதற்கு உயிர் தருவது பின்னர் வரும் அறிவிப்பேயாகும்.

புகார் அளித்தவர்க்கு வரும் அறிவிப்பு

புகார் அளித்தவர்க்கு இரு நிலைகளில் செய்தி கிட்டுகின்றது. முதலாவது ஒப்புகை, இரண்டாவது முடிவு. முகநூலில் புகார்களின் நிலையைக் காண உதவிப் பெட்டி என்னும் பகுதி அமைக்கப்பட்டது. யூடியூப் தளத்தில் புகார் வரலாறு என ஒரு பக்கம் உள்ளது. நாம் புகார் அளித்த காணொளி இன்னும் காணக்கிடைக்கின்றதா, நீக்கப்பட்டதா, அல்லது வயது முதலிய கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தப்பட்டதா என்பதை அப்பக்கத்தில் காணலாம். ட்விட்டர் என வழங்கப்பட்டு 2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறிய தளம், 2018 அக்டோபரில் வேறொரு முறையைக் கொணர்ந்தது. விதிகளுக்கு முரணானது எனத் தான் முடிவு செய்த பதிவு இருந்த இடத்தில், அது நீக்கப்பட்டதன் காரணத்தைக் கூறும் குறிப்பொன்றை 14 நாள்களுக்குக் காட்டும் முறையே அது. இதனால் புகார் அளித்தவர் மட்டுமன்றி, அவ்வழியே செல்லும் ஏனைய வாசகர்களும் நடந்ததை அறிய வாய்ப்பு ஏற்பட்டது.

புகார் ஏற்கப்படாதபோதுதான் அறிவிப்பின் தரம் சோதனைக்கு உள்ளாகின்றது. மீறல் எதுவும் காணப்படவில்லை என்ற ஒற்றை வரி, துன்புறுத்தலுக்கு ஆளான ஒருவர்க்கு இரண்டாம் அடியாக அமையக்கூடும். தம் புகாரை மனிதர் ஒருவர் படித்தாரா, தம் மொழி தெரிந்தவர் படித்தாரா, மறுபரிசீலனைக்கு வழியுண்டா என்பவற்றை அறியும் தேவை அவர்க்கு உண்டு. மலேசியாவில் 2024 ஜூலையில் இணையப் பகடிவதைக்கு ஆளான பெண்ணொருவரின் மரணம் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்திப் பகடிவதையைத் தனிக் குற்றமாக்கியது. முறையீட்டிற்கு விரைந்த விடை வேண்டும் என்பது வசதி பற்றிய கோரிக்கையன்று. சில வேளைகளில் அஃது உயிர் பற்றிய கோரிக்கையாகும்.

பதிவிட்டவர்க்கு வரும் அறிவிப்பு

பதிவு நீக்கப்பட்டால் பதிவிட்டவர்க்குத் தளத்தினுள்ளோ மின்னஞ்சல் வழியாகவோ அறிவிப்பு செல்லும். யூடியூப் தளத்தில் முதல் மீறலுக்குப் பொதுவாக எச்சரிக்கை வழங்கப்படுகின்றது. அதன்பின் வரும் மீறல்கள் கண்டனப் புள்ளிகளாகக் கணக்கிடப்படும். 90 நாள்களுக்குள் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் அலைவரிசையே நீக்கப்படலாம். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023 பிப்ரவரியில் தன் தண்டனை முறையை மாற்றியமைத்தது. பெரும்பாலான மீறல்களில் ஆறாவது முறை வரை எச்சரிக்கையும் விளக்கமும் முதன்மை பெறும் எனவும், ஏழாவது மீறலிலிருந்தே ஒரு நாள் பதிவிடத் தடை தொடங்கும் எனவும் அப்போது அறிவித்தது. தண்டிப்பதைவிடக் காரணத்தை விளக்குவதே மீண்டும் தவறு நிகழாமல் தடுக்கும் என்ற கருத்து இம்மாற்றத்தின் அடிப்படையாகும்.

இக்கருத்துக்கு ஆய்வுச் சான்று உண்டு. ஷாகுன் ஜாவேர், ஏமி புரூக்மன், எரிக் கில்பர்ட் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ரெடிட் தளத்தின் 32 மில்லியன் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. நீக்கத்திற்குக் காரணம் கூறப்பட்ட பயனர்களின் பிற்காலப் பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைந்தது என்பது அதன் முடிவாகும். அதே ஆண்டில் ஜாவேரும் பிறரும் பதிவு நீக்கப்பட்ட 907 பயனர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், 37 விழுக்காட்டினர் தம் பதிவு ஏன் நீக்கப்பட்டது என்பதே தமக்குப் புரியவில்லை என்றனர். ஆசிரியப் பணியில் உள்ளோர் இதனை எளிதில் உணர்வர். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அது என்ன பிழை எனக் கூறாமல் விடும் திருத்தத்தால் மாணவர் எதனையும் கற்பதில்லை.

எனினும், மிகையான அறிவிப்பும் தீங்கு செய்யக்கூடும். செருமானியச் சட்டத்தின் கீழ்ப் புகார் வந்தபோது, மீறல் இல்லையெனத் தான் முடிவு செய்திருந்தும் பதிவிட்டவர்க்கு ட்விட்டர் மின்னஞ்சல் அனுப்பி வந்தது. வெளிப்படைத்தன்மை கருதியே அவ்வாறு செய்யப்பட்டது. ஆயினும், எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தம்மீது சட்டப் புகார் அளித்துள்ளார் என்ற செய்தி, தவறேதும் செய்யாதவரையும் கலங்க வைத்தது. எதனைக் கூறுவது என்பதோடு எவ்வாறு கூறுவது என்பதும் இங்கு இன்றியமையாததாகின்றது.

அறிவிப்புக் கடமையின் வளர்ச்சி

அறிவிப்பைக் கடமையாக்கும் எண்ணம் பதிப்புரிமைத் துறையில்தான் முதலில் சட்ட வடிவம் பெற்றது எனலாம். அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட மின்னிலக்கப் புத்தாயிரப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையாளர் எழுத்து வடிவில் அறிவிப்பு அளித்தால் தளம் அவ்வாக்கத்தை நீக்க வேண்டும் என்னும் முறையை வகுத்தது. அதே வேளையில், பதிவிட்டவர்க்கு அதனைத் தெரிவிக்கவும், அவர் எதிரறிவிப்பு அளிக்கவும் வழி செய்தது. எதிரறிவிப்பு வந்தபின், உரிமையாளர் நீதிமன்றம் செல்லாவிடில், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் ஆக்கம் மீண்டும் இடம்பெற வேண்டும். புகார் அளிப்பவர் தம் அடையாளத்தை வெளிப்படுத்த வேண்டும் என்பதும், தெரிந்தே பொய்யுரைத்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பதும் இச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறுகளாகும்.

ஏனைய வகைப் புகார்களுக்கு இத்தகைய ஒழுங்கு நெடுங்காலம் இல்லை. முகநூல் தன் உள்நெறிகளை விரிவாக வெளியிட்டதும், ஆபாசம், வெறுப்புப் பேச்சு, கொடூர வன்முறை ஆகிய காரணங்களால் நீக்கப்பட்ட தனிப்பதிவுகளுக்கு மேல்முறையீட்டு வாய்ப்பை அறிவித்ததும் 2018 ஏப்ரலில்தான். அதே 2018இல் உரிமைக் குழுக்களும் கல்வியாளர்களும் இணைந்து சாந்தா கிளாரா கோட்பாடுகளை வெளியிட்டனர். எண்கள், அறிவிப்பு, மேல்முறையீடு என்ற மூன்றும் அவற்றின் தூண்கள். எந்தப் பதிவு, எந்த விதியின் எந்தப் பிரிவு, மீறல் எவ்வாறு கண்டறியப்பட்டது, மேல்முறையீடு செய்வது எப்படி என்பவற்றை ஒவ்வோர் அறிவிப்பும் கொண்டிருக்க வேண்டும் என அவை வலியுறுத்தின. கணக்கு முடக்கப்பட்ட நிலையிலும் பயனர் அவ்வறிவிப்பைப் படிக்க இயல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டியதற்கான காரணத்தை வீட்டுக்குள் ஒட்டிவைப்பதால் பயனில்லையன்றோ?

செருமனி 2017இல் இயற்றிய இணையத்தள அமலாக்கச் சட்டம், அந்நாட்டில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற பயனர்களைக் கொண்ட தளங்களுக்குப் பொருந்தியது. வெளிப்படையான சட்ட மீறல்களை 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என்ற அதன் விதி பெரிதும் பேசப்பட்டது. அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு விதியும் அதில் இருந்தது. முடிவையும் அதன் காரணத்தையும் புகார் அளித்தவர், பதிவிட்டவர் ஆகிய இருவர்க்குமே தெரிவிக்க வேண்டும் என்பதே அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, 2024 மே மாதத்தில் இச்சட்டத்தின் இடத்தைப் புதிய செருமானியச் சட்டம் பெற்றது.

மேற்பார்வை வாரியத்தின் இரு தீர்ப்புகள்

மெட்டா நிறுவனத்தின் முடிவுகளை மீளாய்வு செய்வதற்கென அமைக்கப்பட்ட மேற்பார்வை வாரியம் 2020 அக்டோபரில் வழக்குகளை ஏற்கத் தொடங்கியது. 2021 ஜனவரி 28ஆம் நாள் வெளிவந்த அதன் முதல் தீர்ப்புகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பிரேசில் நாட்டுப் பயனர் ஒருவர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக, நோயின் அறிகுறிகளைக் காட்டும் எட்டுப் படங்களை இன்ஸ்டகிராமில் பதிவிட்டார். தானியங்கி அமைப்பு அதனை ஆபாசம் எனக் கொண்டு நீக்கிவிட்டது. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அத்தகைய படங்களை நிறுவனத்தின் நெறிகளே அனுமதித்திருந்தன. வழக்கை வாரியம் எடுத்துக்கொண்ட பின்னர் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு பதிவை மீட்டது. ஆயினும் வாரியம் அத்துடன் விடவில்லை. எந்த விதி மீறப்பட்டது என்பதைப் பயனர்க்குக் கூற வேண்டும். முடிவெடுத்தது கணினியாயின் அதனையும் கூற வேண்டும். கணினியின் முடிவை மனிதரிடம் முறையிட வழி இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இரண்டாவது தீர்ப்பு 2021 ஏப்ரலில் வெளிவந்தது. இந்தியாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் பஞ்சாபி மொழியில் அமைந்த அரசியல் நேர்காணல் ஒன்றை முகநூலில் பகிர்ந்திருந்தார். ஒருவர் அளித்த புகாரின் பேரில் அது நீக்கப்பட்டு, அவருடைய கணக்கும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது. பெருந்தொற்றுக் காலத்தின் ஆள் பற்றாக்குறையால் மேல்முறையீட்டைப் பரிசீலிக்க இயலவில்லை என்ற விடையே அவர்க்குக் கிட்டியது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 மில்லியன் மக்கள் பேசும் பஞ்சாபி மொழியில் நிறுவனத்தின் நெறிகள் அப்போது கிடைக்கவில்லை என்பதை வாரியம் சுட்டிக்காட்டி, அவற்றை அம்மொழியில் வெளியிடப் பரிந்துரைத்தது. தான் படிக்க இயலாத விதியை மீறியதற்காக ஒருவர் தண்டிக்கப்படலாமா என்ற அடிப்படை வினாவை இத்தீர்ப்பு எழுப்பியது.

ஐரோப்பியச் சட்டம்

அறிவிப்பை மிக விரிவாக வரையறுத்த சட்டம் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய மின்னிலக்கச் சேவைகள் சட்டமாகும். மிகப் பெரிய தளங்களுக்கு 2023 ஆகஸ்டு இறுதியிலிருந்தும், ஏனையவற்றுக்கு 2024 பிப்ரவரி 17ஆம் நாளிலிருந்தும் அது பொருந்துகின்றது. அதன் 16ஆம் விதி, சட்டத்திற்குப் புறம்பான உள்ளடக்கம் பற்றிப் புகார் அளித்தவர்க்குக் காலந்தாழ்த்தாமல் ஒப்புகையும் பின்னர் முடிவும் தெரிவிக்கக் கோருகின்றது. 17ஆம் விதி, பதிவிட்டவர்க்குக் காரண விளக்கம் அளிப்பதைக் கட்டாயமாக்குகின்றது. நடவடிக்கை என்ன, அஃது எவ்வளவு காலத்திற்கு, எந்த நிலப்பகுதியில் பொருந்தும், எவ்வுண்மைகளை அடிப்படையாகக் கொண்டது, புகாரால் எழுந்ததா அல்லது தளமே கண்டறிந்ததா, கணினி பயன்பட்டதா, எந்தச் சட்டம் அல்லது எந்த ஒப்பந்த விதி, முறையிடும் வழிகள் எவை என்பன யாவும் அவ்விளக்கத்தில் இடம்பெற வேண்டும். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதக் காலம் வழங்கப்பட வேண்டும் எனவும், அதன்மீதான முடிவைக் கணினி மட்டுமே எடுத்தல் கூடாது எனவும் 20ஆம் விதி கூறுகின்றது.

பதிவை நீக்காமல் அதன் வீச்சை மட்டும் ஓசையின்றிக் குறைக்கும் முறைக்கும் இவ்விளக்கக் கடமை பொருந்துகின்றது என்பது கவனிக்கத்தக்கது. நீக்கப்பட்ட பதிவைவிட, இருப்பது போலத் தோன்றி எவர்க்கும் தென்படாத பதிவே பயனரை மிகுதியாகக் குழப்புகின்றது. எக்ஸ் தளம் பயனர் ஒருவரின் கணக்கை இவ்வாறு மறைத்துவைத்து, அதற்குரிய காரண விளக்கத்தை முறையாக அளிக்கவில்லை என ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. சட்டம் இருப்பதனால் மட்டும் நடைமுறை சீராகிவிடுவதில்லை என்பதையும் காண்கிறோம். மெட்டாவின் புகார் முறை பயனரைக் குழப்பும் வகையில் அமைந்துள்ளது எனவும், மேல்முறையீட்டில் பயனர் தம் விளக்கத்தையோ சான்றையோ அளிக்க இடமில்லை எனவும் ஐரோப்பிய ஆணையம் 2025 அக்டோபரில் முதற்கட்ட முடிவாக அறிவித்தது.

சிங்கப்பூரும் மலேசியாவும்

சிங்கப்பூரில் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதித்தொகுப்பு 2023 ஜூலை 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டாக், ட்விட்டர், யூடியூப், ஹார்டுவேர்ஸோன் ஆகிய ஆறும் அதற்கு உட்படுத்தப்பட்டன. அற்பமான அல்லது தொல்லை தரும் நோக்குடைய புகார்கள் நீங்கலாக, ஏனைய புகார்களின் முடிவைப் புகார் அளித்தவர்க்குத் தெரிவிக்க வேண்டும்; நடவடிக்கை எடுக்கப்பட்டால் கணக்கு உரிமையாளர்க்கும் தெரிவிக்க வேண்டும்; மறுபரிசீலனை கோரும் வழியும் இருக்க வேண்டும் என அது விதிக்கின்றது. இதற்கு முன்னரே, 2019 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த, இணையவழிப் பொய்ச் செய்திக்கும் சூழ்ச்சித்திறத்துக்கும் எதிரான பாதுகாப்புச் சட்டம் மூன்றாவது வகை அறிவிப்பொன்றை அறிமுகப்படுத்தியிருந்தது. பதிவை நீக்காமல், அதில் பொய்த் தகவல் உள்ளதென அரசு கூறுவதாக வாசகர்க்குத் தெரிவிக்கும் திருத்தக் குறிப்பே அது. புகார் அளித்தவர், பதிவிட்டவர், வாசகர் என அறிவிப்பைப் பெறுவோர் மூவர் என்பது இதனால் தெளிவாகின்றது.

மலேசியாவில் 8 மில்லியனுக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகச் சேவைகளுக்கு உரிமம் பெறும் முறை 2025 ஜனவரி 1ஆம் நாள் தொடங்கியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், பயனர்கள் தீங்கான உள்ளடக்கம் பற்றிப் புகார் அளிக்கவும் உதவி பெறவும் தளங்கள் வழியமைக்க வேண்டும் என்கின்றது.

இவ்விடத்தில் அண்மைய நிகழ்வொன்றைக் குறிப்பிடுதல் தகும். ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டதை அடுத்துப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இரங்கல் தெரிவித்துப் பதிவிட்டவை, 2024 ஆகஸ்டுத் தொடக்கத்தில் முகநூலிலிருந்தும் இன்ஸ்டகிராமிலிருந்தும் நீக்கப்பட்டன. அபாயகரமான தனிமனிதர்கள், அமைப்புகளுடன் தொடர்பு என்பதே இன்ஸ்டகிராமில் காட்டப்பட்ட காரணம். அரசு விளக்கம் கோரியது, மெட்டாவின் பேராளர்கள் நேரில் வந்தனர், செயல்பாட்டுத் தவறு எனக் கூறி ஆகஸ்டு 6ஆம் நாள் நிறுவனம் மன்னிப்புக் கோரியது, பதிவுகளும் மீட்கப்பட்டன. ஒரு நாட்டின் தலைவருக்கு ஒரு வாரத்திற்குள் விளக்கம் கிட்டியது. அதே வகைத் தவறால் பதிவை இழக்கும் ஈப்போ வணிகருக்கோ, உட்லண்ட்ஸ் இல்லத்தரசிக்கோ நிறுவனத்தின் பேராளர் நேரில் வரப்போவதில்லை. அவர்களிடம் இருப்பது திரையில் தோன்றும் அந்த அறிவிப்பு ஒன்றே. ஆதலின், அறிவிப்பின் தரம் எளியவர்க்கான நீதியின் தரமாகவே அமைகின்றது.

மறைவடக்கமும் மொழியும்

இங்கு எழும் சிக்கல்கள் சிலவற்றையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். பதிவிட்டவர்க்கு எல்லாவற்றையும் கூறிவிடலாமா என்பது முதல் வினா. புகார் அளித்தவரின் பெயரைப் பெரும்பாலான தளங்கள் வெளியிடுவதில்லை. பதிப்புரிமைப் புகார்கள் இதற்கு விதிவிலக்கு. பெயர் வெளிப்பட்டால் துன்புறுத்தியவரே பழிவாங்க முனையலாம் என்பதால் இம்மறைப்பு நியாயமானதே. ஆயினும் இம்மறைப்பே பொய்ப் புகாருக்கும் அரணாகிவிடக்கூடும். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டு, குற்றம் சாட்டப்பட்டவனை விசாரியாது பாண்டியன் ஆணையிட்டதும், திருடியவன் அப்பொற்கொல்லனே என்பதும் நாம் அறிந்தவை. பாண்டியன் செய்த பிழை பொற்கொல்லனின் பெயரை மறைத்தது அன்று. கோவலனுக்குக் குற்றத்தைக் கூறி விடை கேளாததே. எனவே, புகார் அளித்தவர் யார் என்பதை மறைக்கலாம். புகார் என்ன என்பதை மறைத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணும் அறிவிப்பு இரு தரப்பினர்க்கும் நீதி செய்வதாகும். தெளிவாக அடிப்படையற்ற புகார்களைத் திரும்பத் திரும்ப அளிப்போரின் புகார்களைப் பரிசீலிப்பதை எச்சரிக்கைக்குப் பின் நிறுத்திவைக்கவும் ஐரோப்பியச் சட்டம் இடமளிக்கின்றது.

விரிவான காரணம் கூறினால், மோசடிக்காரர்கள் விதியின் ஓட்டைகளை அறிந்துகொள்வர் என்பது தளங்கள் கூறும் மறுப்பாகும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏமாற்றும் நோக்கில் பெருந்திரளாகப் பரப்பப்படும் வணிக உள்ளடக்கத்திற்கு ஐரோப்பியச் சட்டமும் காரண விளக்கத்திலிருந்து விலக்களிக்கின்றது. ஆனால், சிலரின் சூழ்ச்சிக்கு அஞ்சி அனைவரையும் இருளில் வைத்தல் முறையாகாது.

மொழி மூன்றாவது சிக்கலாகும். அறிவிப்பு பெரும்பாலும் பயனர் தம் கணக்கில் தெரிவு செய்துள்ள இடைமுக மொழியிலேயே வருகின்றது. நம் நாடுகளில் தமிழில் எழுதுவோர் பலர் இடைமுகத்தை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்துள்ளனர். இதனால், தமிழில் எழுதிய ஒன்றுக்கு வேற்று மொழியில் தீர்ப்பு வருகின்றது. மேலும், தமிழ்ப் பேச்சுவழக்கில் அன்பின் உரிமையால் வழங்கும் சில சொற்கள் எழுத்தில் வசையாகத் தோன்றும். கண்ணியமாகத் தோன்றும் சில சொற்கள் கடுமையான இழிவைச் சுமந்திருக்கும். எந்தச் சொல்லால் பதிவு நீக்கப்பட்டது என்பதை அறிவிப்பு சுட்டிக்காட்டினால்தான், அம்மொழியை அறிந்தவர் அத்தவறைத் திருத்த இயலும். சொல்லைச் சுட்டாத அறிவிப்பு, முறையிடும் உரிமையைப் பெயரளவில் தந்து பயனளவில் பறித்துக்கொள்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, நல்லதோர் அறிவிப்புக்கு ஆறு கூறுகள் வேண்டும் எனத் தொகுத்துக் கூறலாம். எந்தப் பதிவு, அதன் எந்தப் பகுதி என்பது முதலாவது. எந்த விதி என்பது இரண்டாவது. மீறல் எவ்வாறு கண்டறியப்பட்டது, முடிவெடுத்தது மனிதரா கணினியா என்பது மூன்றாவது. நடவடிக்கையின் அளவும் காலமும் நான்காவது. முறையிடும் வழியும் கெடுவும் ஐந்தாவது. இவை யாவும் பயனர்க்கு விளங்கும் மொழியில் அமைதல் ஆறாவது.

பயனராகிய நமக்கும் கடமைகள் உண்டு. புகார் அளிக்கும்போது சரியான காரணத்தைத் தெரிவு செய்தல், பிடிக்காத கருத்தை மீறல் எனப் புகார் செய்யாதிருத்தல், வரும் அறிவிப்பைப் படமாக எடுத்துத் தேதியுடன் சேமித்துவைத்தல், கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தல், இடைமுக மொழியை எண்ணித் தெரிவு செய்தல் ஆகியன அவற்றுள் சிலவாகும். தமிழ் கற்பிப்போர் இவற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பதும் இன்றைய மொழிக்கல்வியின் ஒரு பகுதியே எனக் கருதுகிறோம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட நாடகக் காணொளிக்கு இத்தகைய அறிவிப்பு ஒன்று வந்திருப்பின், காரணம் இசையா, வாட்போரா, ஒருவர் அளித்த புகாரா என்பது அன்றே தெரிந்திருக்கும். மாணவர்கள் நெறியோடு வாதிட்டிருப்பர், நண்பரோடு பகைத்திருக்கமாட்டார்கள். காரணம் கூறப்படும் இடத்தில் மனிதர் காரணத்தோடு போராடுவர். காரணம் கூறப்படாத இடத்தில் ஒருவரோடொருவர் போராடுவர். அறிவிப்பு என்னும் சிறு செய்தியைப் பெரிதாக எண்ணி ஆராய வேண்டியதன் தேவை இதுவேயாகும்.